என் லேப்டாப்பில் மட்டும் திறக்கும் காலண்டர்

ஆடி 17, இரவு

நாளை ஆடிப்பெருக்கு. புது டிசைன் பார்க்கக் காலண்டர் ஏஜென்டுகள் அச்சகத்துக்கு வந்துவிடுவார்கள். காட்ட, சாம்பிள் தாள்களைக் கோத்த ஆல்பம் இல்லை. இந்த வருடம் ஆல்பம் வேண்டாம், எல்லோரும் போனிலேயே பார்க்கலாம் என்று முதலாளியிடம் சொன்னவள் நான்.

டிசைன்களைக் காட்டும் செயலியைக் கன்டெய்னர் என்ற பொதிக்குள் வைத்து, அதை ஓட்டும் கிளஸ்டரை என் லேப்டாப்பிலேயே அமைத்து, வெளிப் போன்களுக்கு வழிவிடும் சர்வீஸும் எழுதினேன். சாயங்காலம் முதலாளி தன் போனில் திறந்தார். வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. என் லேப்டாப்பில் மட்டும் அத்தனை படமும் பளிச்சென்று வந்தது.

"ஏம்மா, வாரவுகள எல்லாம் ஒம் பொட்டிக்குள்ளயா அனுப்ப?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆல்பம் கோக்கும் செல்வி அக்காவைத் தவிர. அவள் வேலையைத்தான் நான் நிறுத்தியிருந்தேன்.

சர்வீஸ் லேப்டாப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இரண்டு வாரமாக இதிலேயே சோதித்தவள், ஒரு முறைகூட போனில் திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை மாற்றி எழுதியும் அம்மாவின் போனில் அதே வெள்ளைத் திரை.

அச்சகத்திலிருந்து நான் கிளம்பும்போது செல்வி அக்கா, "சாம்பிள் தாளு அம்புட்டும் அங்கனதான் கெடக்கு. வேணும்னா விடியக்காலம் கூப்பிடு தாயி" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அவள் போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.