துசாந்தனின் பைக்கை ஓடிப் பார்த்தது

09.02.2010, செவ்வாய்

கரடியனாறு வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு தொடங்கிவிட்டது. விவசாயப் போதனாசிரியரான எனக்கு இந்த மாதம் ஓய்வில்லை. பின்னேரம் கல்லடிக்கு வந்து சேர்ந்தால் வாசலில் ஒரு பைக் நிற்கிறது. சிவப்பு. முன்னால் காற்று மறைக்கிற கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி. எருமைக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி நின்ற மாதிரி ஆகிவிடும் என்று, என்னுடைய பழைய சீடி 200 பைக்கை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

துசாந்தன். என் மனைவி கம்சாவின் மாமி மகன். பதினொரு வருசத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து வந்திருக்கிறான்.

"ஜெயந்தன் அண்ணன்தானே?" என்று எழும்பி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். முறைக்கு நான் அவனுக்கு அண்ணன்தான்.

கம்சா பச்சைச் சட்டை போட்டிருந்தாள். காலையில் நான் போகும்போது அது இல்லை.

10.02.2010

நித்திரை வரவில்லை. எழுதினால் வருமா?

கம்சாவை துசாந்தனுக்கென்றுதான் பேசி வைத்திருந்தார்கள். 2004 மார்கழியில் கடல் வந்து நாவலடியில் அவனுடைய அம்மாவையும் இவளுடைய அம்மாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. லண்டனில் அவனுக்கு அகதிக் கேஸ் முடியவில்லை. செத்த வீட்டுக்கும் வர முடியவில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். அடுத்த வருசம், முகாமில் நிவாரண வேலைக்குப் போன எனக்கு மாமா அவளைக் கட்டிக் கொடுத்தார். ஐந்து வருசம். ஒரு மகள். ஒருநாளும் கம்சா அவன் பெயரை எடுத்ததில்லை. அது நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததும் இல்லை.

பொய். யோசித்திருக்கிறேன்.

12.02.2010

பைக் அவனுடையதுகூட இல்லையாம். கொழும்பில் ஒரு கூட்டாளியிடம் இரவல். நாலு சிலிண்டர், எழுநூற்றைம்பது சீசீ. இரவல் என்று கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

14.02.2010, ஞாயிறு

மத்தியானம் துசாந்தனுக்கு இங்கேதான் சாப்பாடு. நண்டுக் கறி. பேச்சு முழுக்க யதுர்ஷனைப் பற்றி.

யதுர்ஷன் கம்சாவின் ஒரே தம்பி. 2006இல் வன்னிக்குப் போனவன். போன வைகாசியில் சண்டை முடிந்தபோது இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. தை மாதம்தான் தகவல் வந்தது, வவுனியாவில் தடுப்பு முகாமில் இருக்கிறான் என்று. இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு, மத்தியானம் வரைக்கும்தான் பார்க்க விடுவார்களாம். பஸ்ஸில் போனால் பின்னேரமாகிவிடும், அங்கே இரவு தங்க எங்களுக்கு ஆளில்லை.

துசாந்தன் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கைச் சனம் முழுக்க அந்தப் பைக்கைச் சுற்றி நின்றது. என் மகளை யாரோ தூக்கி அதன் பெற்றோல் தாங்கிமேல் இருத்தியிருந்தார்கள்.

"விடியப்புறம் வெளிக்கிட்டா ஒம்பது மணிக்கெல்லாம் வவுனியா," என்றான். "கம்சாவ நான் கூட்டிட்டுப் போறன்."

"என்னட்டையும் பைக் இருக்கு," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "உன்ட பைக் அவ்வளவு தூரம் இழுக்குமா மகன்?" என்றார்.

துசாந்தன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. "நீங்களே ஒருக்கா ஓடிப் பாருங்க அண்ணன். கம்சாவ ஏத்த உங்களுக்கு நம்பிக்கையில்லாட்டி விட்டிருவம்."

20.02.2010, சனி

ஓடிப் பார்த்தேன்.

போகும்போது பெரியதை நான் எடுத்தேன், சீடியை அவன் எடுத்தான். கல்குடா வரை. கல்லடிப் பாலத்தின் இரும்புத் தகட்டில் ஏறும்போது எனக்குப் பயம். இதன் பாரத்தை நினைத்துப் பயம். நின்றுகொண்டு சரிந்தால் தனி ஆளாகத் தூக்க முடியாது. டவுனுக்குள் முட்டுக்கால் இரண்டும் இஞ்சின் சூட்டில் வெந்தது. கிளச் சீடியை விட இறுக்கம். சரி, இதுவும் ஒரு பைக்தான், குறை இருக்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டே ஏறாவூர் தாண்டினேன்.

சோதனைச்சாவடி. ஐந்து வருசமாக அந்த இடத்தில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, சீடியை உருட்டிக்கொண்டு போகிறவன் நான். இன்றைக்கு அந்த ஆமிப் பெடியன் ஓடி வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். அடையாள அட்டை கேட்கவில்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னான். நான் அதே ஆள்தான். அதே முகம்தான்.

சந்திவெளிக்கு அப்பால் புதிதாகத் தார்க் கார்ப்பெட் போட்ட ரோட்டுத் துண்டு. முறுக்கினேன்.

எப்படி எழுதுவது? சீடியில் நாற்பதைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும், அறுபதில் கண்ணில் தண்ணீர் வரும், எழுபதில் ஒவ்வொரு ஆணியும் தன் பெயரைச் சொல்லும். இதில் நூறைத் தாண்டியது முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்தது. காற்று தலைக்கு மேலால் போனது. வளைவில் நான் நினைத்த பக்கம் அது தானாகச் சரிந்தது. எதிரே மாடு ஒன்று குறுக்கே வந்தது, இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டேன், தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராக நின்றது. பின் சீற் அகலம், மெத்தை. ஆள் ஏறினால் பிடிக்கக் கம்பி. கம்சா இதில் இருந்து கொழும்பு வரைக்கும் போகலாம், இடுப்பு நோகாது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வெகுதூரத்தில் புகை விட்டுக்கொண்டு ஒரு புள்ளி. என்னுடைய பைக்கை முதல் தடவையாக வெளியே இருந்து பார்க்கிறேன்.

கல்குடாவில் அவன் வந்து சேர்ந்து, இறங்கிச் சீடியின் தாங்கியில் தட்டினான். "நல்ல பைக் அண்ணன். நல்லா வெச்சிருக்கிங்க." மனசாரத்தான் சொன்னான். அதுதான் எரிந்தது.

திரும்பி வரும்போது நான் சீடியில். ஒரு பாடையைச் சுமந்துகொண்டு வருகிற மாதிரி இருந்தது.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். கம்சா கேட்டாள், "எப்பிடி?"

"ஓட நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா பிரேக் பிடிக்கக்குள்ள பின் சில்லு அலையுது. பின்னால ஆள் ஏத்தினா ஆபத்து. நான் விட மாட்டன்."

துசாந்தனின் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு விளங்கல்லையே அண்ணன்," என்றான். "சரி, நீங்க சொன்னாச் சரி."

28ஆம் திகதி நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

27.02.2010

செயின் தளர்ந்து கிடந்தது. இறுக்கினேன். புதுச் செயின் போட இன்றைக்கு நேரமில்லை. போதும்.

01.03.2010, திங்கள்

நேற்று நடந்தது.

இருட்டோடு வெளிக்கிட்டோம். கம்சா இறால் பொரித்து, புட்டு அவித்து, வாழையிலையில் கட்டி மடியில் வைத்திருந்தாள். பொலன்னறுவை வரைக்கும் சீடி நன்றாகத்தான் ஓடியது. கம்சா என் தோளைப் பிடித்துக்கொண்டு யதுர்ஷன் சின்ன வயதில் இறால் திருடின கதை சொன்னாள். எனக்கு நல்ல சந்தோசம். துசாந்தனா கூட்டிக்கொண்டு போகிறான்? நான்தானே.

ஹபரணைக்கு அப்பால் காட்டு ரோட்டில் செயின் அறுந்தது.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. ஒரு கடை திறந்திருக்கவில்லை. வெயிலில் உருட்டினோம். கம்சா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளினாள். ஒரு வீட்டில் சிங்கள மனிசன் ஒருவர் தன்னுடைய பழைய செயினில் துண்டு வெட்டிப் பூட்டித் தந்தார். வவுனியா போய்ச் சேர ஒன்றரை மணி தாண்டிவிட்டது.

முகாம் வாசல் படலை பூட்டிக் கிடந்தது. காவலில் நின்றவன் விரலைக் காட்டி, இரண்டு கிழமைக்குப் பிறகு வா என்றான். சாப்பாட்டையாவது கொடுக்கச் சொல்லி கம்சா கெஞ்சினாள். எடுக்கவில்லை. கம்பிக்கு அங்கால் தூரத்தில் பெடியன்கள் வரிசையாக நின்றார்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி மொட்டை. கம்சா படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள்.

 திரும்பும் வழியில் கம்சா பொலன்னறுவைக் குளக்கட்டில் நிறுத்தச் சொன்னாள். பொட்டலத்தை அவிழ்த்தாள். இறால் பழுதாகி மணத்தது. அங்கே நின்ற நாய்க்குப் போட்டுவிட்டு, அது தின்று முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

06.03.2010, சனி

துசாந்தன் பைக்கை ஏறாவூருக்குக் கொண்டுபோய் றவூப் மேசனிடம்— மேசன் இல்லை, மெக்கானிக். எழுதக் கை ஓடவில்லை. றவூப்பிடம் காட்டியிருக்கிறான். பின் சில்லு அலைகிறது, பாருங்கள் என்று. றவூப் கழற்றிப் பார்த்து, தன் மகனைப் பின்னால் ஏற்றி ஓடியும் பார்த்துவிட்டு, ஆர் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டாராம்.

அவன் இதைச் சாதாரணமாகத்தான் வந்து சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல், காலில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு சொன்னான். "ஒண்டுமில்லையாம் அண்ணன். சில நேரம் ரோட்டுல மணல் கிடந்திருக்கும்." எனக்குத் தப்ப ஒரு வழியும் தந்தான். "எனக்கு இருபத்தஞ்சாம் திகதியோட லீவு முடியுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கம்சா அடுப்படியில் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மணலா?" என்றாள்.

நான் குனிந்து விறகை உள்ளே தள்ளினேன்.

"நீங்க பொய் சொன்னது அந்தப் பைக்குக்கில்ல. என்ட தம்பிக்கு."

"கம்சா, அவன் உன்னக் கூட்டிக்கொண்டு—"

"என்ன? என்னக் கூட்டிக்கொண்டு எங்க போவார்? லண்டனுக்கா?" அகப்பையை வைத்துவிட்டாள். "அவர் ஏன் வந்தவர் தெரியுமா உங்களுக்கு? மாமிட உடம்ப எடுத்துப் புதைச்சது யது. தனிய. எந்த இடமெண்டு அவன் ஒருத்தருக்கும் சொல்லல்ல, கேட்டா எழும்பிப் போயிருவான். தன்ட தாயப் புதைச்ச இடத்தக் கேக்கத்தான் மச்சான் இவ்வளவு தூரம் வந்தவர்."

"எனக்கு ஆர் சொன்னது?"

"இஞ்ச இருந்து சோறு தின்னக்குள்ளதான் சொன்னார். உங்களுக்கு முன்னால. நீங்க யன்னலால பைக்கப் பாத்துக்கொண்டிருந்தீங்க."

07.03.2010

திராய்மடுவில் அவன் தங்கியிருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றுகொண்டே சொன்னேன். "பைக்குல ஒண்டுமில்லைதான். எனக்குத்தான். வாற ஞாயிறு நீ கூட்டிட்டுப் போ."

 அவனுக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஏசியிருக்கலாம்.

"நீங்களும் வாங்க அண்ணன், சீடில," என்றான்.

"உன்னோட சேந்து ஓடி வர ஏலாது அந்தச் சீடியால. நீங்க போங்க."

இப்படி ஒரு வார்த்தையை என் வாயால் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

14.03.2010, ஞாயிறு

போய்விட்டார்கள். பாலம் தாண்டும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

அவள் பிடித்துக்கொண்டது கம்பியைத்தானா? இருட்டில் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளையக்கா வேலிக்கு மேலால், "கம்சா எங்க போறா, ஆரோட?" என்கிறா. "அவவிட மச்சானோட, தம்பியப் பாக்க," என்றேன். "ஓ," என்றா. அந்த ஓவை வெட்டி வட்டையில் போட வேண்டும்.

மகளுக்குச் சீப்பால் தலை இழுத்தேன். கோணல்.

பத்து மணி. போய்ச் சேர்ந்திருப்பார்கள். யதுர்ஷனே, வெளியே வா. உன்னைக் காட்டடா.

பின்னேரம். இன்னும் இல்லை. இப்போது எனக்கு எரிவது அவனை நினைத்தா, ரோட்டை நினைத்தா? தெரியவில்லை. வந்து சேர்ந்தால் போதும்.

15.03.2010

நேற்று இரவு வந்தார்கள். கம்சாவின் கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். யதுர்ஷனைக் கண்டாள். மெலிந்துவிட்டான், ஒரு காது கேட்காது. புட்டு முழுவதையும் அவளுக்கு முன்னாலேயே தின்றான். இறால் இந்தமுறை பழுதாகவில்லை.

துசாந்தனை உள்ளே விடவில்லையாம். கூடப்பிறந்தவர்களுக்குத்தான் அனுமதி. லண்டன் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கேள்விக்கு மேல் கேள்வி. வெளியே வெயிலில் நின்றிருக்கிறான். கம்சாதான் தம்பியிடம் அவனுக்காகக் கேட்டிருக்கிறாள். யதுர்ஷன் எழும்பிப் போகவில்லை. இந்தமுறை சொல்லிவிட்டான்.

கடல் பக்கம் வேண்டாம் என்று, துசாந்தனின் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் போய்ப் புதைத்தானாம். உடைந்த கிணற்றுக்கு மேற்கே, இரண்டு பூவரச மரத்துக்கு நடுவில். அப்போது அவனுக்கு வயது இருபது.

"வெளிய வந்து மச்சானுக்குச் சொன்னன்," என்றாள் கம்சா. "ரோட்டுக் கரையில குந்திட்டார். எழும்பவே இல்ல."

21.03.2010, ஞாயிறு

"ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றாள் கம்சா. "அவர் தனியப் போகக் கூடா."

நாவலடிக்கு துசாந்தன் ஓட்டினான். நான் பின்னால். ஊர் இருந்த இடம் பற்றையாகக் கிடக்கிறது. கிணற்று வளையம் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. பூவரசு ஒன்றுதான் நின்றது. மற்றதன் அடி மட்டும் இருந்தது. அதனால் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அவன் சப்பாத்தைக் கழற்றினான். கற்பூரம் காற்றில் பற்றவில்லை. நான் குந்தியிருந்து இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தேன், பற்றியது. மணலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். என்னென்னவோ சொன்னான். அது எனக்குச் சொன்னதில்லை, எழுதமாட்டேன். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தோணி போனது.

எழும்பி வந்து சாவியை என்னிடம் நீட்டினான். "நீங்க எடுங்க அண்ணன். இப்ப என்னால ஏலாது."

ஏறினேன். அவன் பின்னால் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டான். நெற்றியை என் முதுகில் வைத்தான். சட்டை நனைவது தெரிந்தது. மணல் ஒழுங்கையில் முதல் கியரிலேயே மெல்ல வந்தேன். தார் ரோட்டில் ஏறின பிறகும் மாற்றவில்லை.