என் கணவர் படத்தைக் காட்டி நடத்தும் ஈரல் முகாம்

அனுப்புநர்:
ஜ. தாட்சாயிணி,
க/பெ. ஜம்புலிங்கம்,
நூம்பல், சென்னை.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
பூந்தமல்லி.

பொருள்: இதய நோயாளிகளின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஈரல் முகாமை வரும் ஞாயிறன்று நடக்கவிடாமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவருக்கு வயது 61. இதயம் பலவீனமாகி, மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதில் நீர் பிரிவதற்கான மாத்திரையும் உண்டு. மார்ச் மாத ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்தே கவனிப்போம், எதையும் நிறுத்தாதீர்கள் என்றார் இதய மருத்துவர்.

2. அடுத்த வாரம் எங்கள் தெரு மண்டபத்தில் இலவச ஈரல் முகாம் நடந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், "இங்கிலீஷ் மாத்திரை தின்னுதான் ஈரல் கெட்டுது. நாப்பது நாளு தொடாதீங்க" என்று சொல்லி ஒரு சூரணம் கொடுத்தார். அவர் டாக்டர்தானா என்று நான் கேட்கவில்லை. ஈரல் என்றாலே எங்களுக்கு மஞ்சள் காமாலையும் பத்தியமும்தான். மாத்திரை டப்பாவை நானே பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதை எழுதவே என்மீது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

3. இருபதாம் நாள் அவர் முகம் பூரித்தது. ஆறு கிலோ கூடியது. "அண்ணாத்தே ஒடம்பு தேறிக்கீறாரு" என்றது தெரு. நானும் திருஷ்டி சுற்றிப் போட்டேன். அது சதை அல்ல, வெளியேறாத நீர். காலை அழுத்தினால் விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. அப்போதுதான் முகாம்காரர்கள் வந்து, அவரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போனார்கள். படம் எடுத்த ஒன்பதாவது நாள் அவருக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை.

4. அந்தப் படம் இப்போது வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் பேனராகத் தொங்குகிறது. "ஈரலும் இதயமும் பூரண குணம்" என்றும், வரும் ஞாயிறு அதே மண்டபத்தில் அடுத்த முகாம் என்றும் போட்டிருக்கிறார்கள். கஞ்சி எடுத்துக்கொண்டு தினமும் அதைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எடுக்கச் சொன்னால், விளம்பரம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

5. நேற்று காட்டுப்பாக்கத்திலிருந்து சொர்ணம் என்ற பெண் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரும் இதய நோயாளி. "பேனரப் பாத்தேங்க்கா. உங்க ஊட்டுக்காரரு மாதிரி நானும் தேறணும். மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார். நான் அவரை ஆட்டோவில் ஏற்றி வார்டுக்கு அழைத்துப்போய் என் கணவரைக் காட்டினேன். பையிலிருந்த மாத்திரையை அங்கேயே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பேனரைப் பார்க்கிற எல்லோரும் என் வீட்டைத் தேடி வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. முகாமைத் தடுத்து, பேனரை அகற்றி, அந்த நபர் மருத்துவர்தானா என்று விசாரிக்க வேண்டுகிறேன். சாட்சி வேண்டுமானால் தாங்கள் வார்டுக்கு வரலாம். என் கணவர் உட்கார்ந்தபடியேதான் இருப்பார்.

இடம்: நூம்பல்
நாள்: 23.04.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஜ. தாட்சாயிணி