பீருமேட்டுக்கு எம்.பி. இருந்த காலம்

அன்பு மகள் சிவசங்கரிக்கு அப்பா சுடலைமணி ஆசியோடு எழுதுவது. இந்தக் குளிரிலும் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜோபியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஓட்டர் பட்டியலைத் திருத்துகிறார்கள் அல்லவா, அதற்கு அங்கன்வாடி டீச்சர் ஆன்மேரி நம் தேயிலை எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் வீடு வீடாகப் பூர்த்தி செய்யும் பாரம் கொடுத்தாள். அதை ஒத்துப்பார்க்கிற 2002 பட்டியலில் அம்மா பேர் இருக்கிறது, என் பேர் இல்லை. விசாரணைக்கு நோட்டீஸ் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை தாயி. பேர் போனால் ரேஷன் போகும், பென்ஷன் போகும், லயத்தை விட்டே இறக்கிவிடுவார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. எஸ்டேட் பூட்டிக் கிடந்தபோது நான் சங்கரன்கோவில் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை சுமந்தேனே, அப்போது ரேஷன் கார்டு கிடைக்கும் என்று உன் பெரியப்பா என் பேரை அந்த ஊர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார். திரும்பி வந்து இங்கே மறுபடி சேர்ந்துகொண்டேன். இரண்டு ஊரில் பேர் இருந்தால் ஜெயில் என்று இப்போது கேள்விப்பட்ட பயத்தில் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு அம்மாவும் ஆன்மேரியும் கூட வந்தார்கள். அங்கே ஓர் இளவயது அதிகாரி, தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். இந்த லயத்தில் பிறந்தவன் சார், எழுபத்தொன்றில் பீருமேடு எம்.பி.க்கு முதல் ஓட்டுப் போட்டவன் என்றேன். பீருமேட்டுக்கு எம்.எல்.ஏ.தானே உண்டு, எம்.பி. இடுக்கிக்கல்லவா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொய்யன் என்றே நினைத்துவிட்டார். அறுபத்தேழிலும் எழுபத்தொன்றிலும் பீருமேடு என்றே பாராளுமன்றத் தொகுதி இருந்தது, எழுபத்தேழில்தான் அது இல்லாமல் போய் இடுக்கி வந்தது என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆன்மேரிதான் போனில் தேடி அவரிடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு, சரி, அப்படியொரு தொகுதி இருந்திருக்கிறது, ஆனால் 2002-ல் நீங்கள் எங்கே என்றார். அப்போது அம்மா எழுந்து, "சார், எஸ்டேட்டு பூட்டுன வருசம் வயித்துப்பாட்டுக்கு சங்கரன்கோவிலுக்குப் போனாக. அங்கனதான் இவுக பேரு கெடக்கும், பாருங்க" என்றாள். கம்ப்யூட்டரில் தேடினார்கள், இருந்தது. எந்த ஊர்ப் பழைய பட்டியலானாலும் போதும், இப்போது அங்கே பேர் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லி எழுதிக்கொண்டார். எதை ஒளித்து இத்தனை நாள் செத்தேனோ அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வெளியே வந்து, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் பெரியம்மா அந்த வருசமே சொல்லிவிட்டாளாம். "பேரை அங்கன எழுதுன மனுசன் ஆளும் அங்கனயே தங்கிருவாகன்னு பயந்து கெடந்தேன். நாங்க இங்கன கெடந்தாத்தான் திரும்பி வருவீகன்னு, கஞ்சி இல்லாட்டியும் பிள்ளையோட லயத்தை விட்டு நகரலே" என்றாள். அந்தப் பிள்ளை நீதான் தாயி. அவள் அப்படிப் பயந்தது இத்தனை வருசமாக எனக்குத் தெரியாது. ஜீப் வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கடைசிப் பட்டியல் இன்னும் வரவில்லை, அதுவரை எனக்குப் பயம்தான். உன் பாரத்தில் பழைய பட்டியலில் இருந்த பெற்றோர் பேரைக் கேட்கும் இடத்தில் என் பேரை எழுதாதே, அம்மா பூமாரி பேரை எழுது, அதுதான் நகராமல் இருந்த பேர். பாஸ்போர்ட் நகலை மறக்காமல் அனுப்பு. இருவரும் நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
க. சுடலைமணி