அனுப்பச் சொன்னது யார்

அண்ணி,

இன்று காலை பரணிலிருந்து இறக்கிய பிசிபேளே பாத் பொட்டலம் ஒன்று குட்டித் தலையணை போல உப்பியிருந்தது. "அய்யோ, இது ஏன்க்கா இப்படி ஆச்சு?" என்று மங்களா பயந்துபோனாள். நீங்கள் போன பிறகு பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அதோடு சேர்த்து அவித்த ஈட்டை மொத்தமாகக் குழியில் கொட்டச் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தேன். "எங்க அண்ணி ஒரு தடவ அவசரப்பட்டு அனுப்பச் சொல்லிட்டாங்க. அன்னைக்குப் பட்ட பாடு இருக்கே..." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார்.

நாக்கு கூசாமல் சொல்லிவிட்டேன். எத்தனையாவது தடவையோ.

காட்டிலும் மலையிலும் நடக்கப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டுவது நமக்கு வாய்த்த தொழில். அக்ரஹாரத்துச் சந்தில் இரண்டு அறை. சோற்றை ஃபாயில் பையில் நிரப்பி, பையின் வாயைத் துடைத்து, மெஷினில் ஒட்டி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான பாத்திரத்தில் அவித்து எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது. காட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், கிழித்து அப்படியே சாப்பிட வேண்டியதுதான். ஒவ்வொரு ஈட்டிலும் நாலு பொட்டலத்தைத் தகரக் கூரையை ஒட்டிய பரணில் போட்டு, பதினான்கு நாள் வெக்கையில் வைத்துப் பார்ப்பீர்கள். அவை உப்பாமல் இருந்தால்தான் மற்றவை வெளியே போகும். ஆர்டர் கொடுத்தவர்கள் போனில் கத்தினால், "மலை எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்படியே போனா அவங்க வேற எடத்துக்குப் போயிருவாங்க அண்ணி" என்பேன். "போகட்டும் அம்முணி. கெட்டதத் தின்னுட்டுக் காட்டுக்குள்ள டாக்டருக்கு எங்க போவாங்க?"

அந்த மார்கழியில் உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஹனூர் போனீர்கள். அப்போதுதான் மாநில எல்லையில் பாலாறு பக்கக் காட்டில் நடக்கப் போகும் கூட்டத்தின் லீடர் வந்து நின்றான். பன்னிரண்டு பேர், சின்ன வயசு. பரணில் பொட்டலம் ஏறி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், தட்டையாகத்தான் இருந்தன. நீங்கள் இல்லாமலும் எனக்கு நடத்தத் தெரியும் என்று காட்ட ஆசை. கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, அவர்கள் வேன் கிளம்பிய அன்று காலையிலேயே நீங்கள் திரும்பி வந்தீர்கள். கால்கூடக் கழுவாமல் பரணில் கைவிட்டு, உப்பிய பொட்டலம் ஒன்றை எடுத்தீர்கள்.

"இது எப்பப் பண்ணுனது?"

"பழசுங்க அண்ணி" என்றேன்.

திருப்பிப் பின்னால் அச்சடித்த தேதியைப் பார்த்தீர்கள். "மத்ததெல்லாம் எங்க?"

"காலையில போயிருச்சு."

லீடருக்குப் போன் போட்டோம். டவர் இல்லை. "கெளம்பு" என்றீர்கள். போட்டு வைத்த காபி அப்படியே இருந்தது. எந்த ரோட்டில் வந்தீர்களோ அதே ரோட்டில், கொள்ளேகால், ஹனூர் தாண்டி, சேலம் பஸ்ஸில். வழியெல்லாம் நீங்கள் பேசியது ஒன்றுதான்: "அவங்க சோத்துல கை வெக்கறதுக்குள்ள போயிரணும் சாமி."

பாலாறு செக்போஸ்டில் இருந்த வாட்சர் ஹனூர்க்காரர். "உள்ள போயி ரெண்டு மணி நேரம் ஆச்சுங்களே" என்றவர், நீங்கள் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு ஜீப்பை எடுத்தார். முகாமில் அவர்கள் அப்போதுதான் பொட்டலங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாறு உப்பியிருந்தன. மலைக்கு வந்தால் சிப்ஸ் பாக்கெட்கூட உப்புமே என்று அவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெண் பையைக் கிழித்து, என்ன இப்படி வாடை அடிக்கிறது என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் பிடுங்கிய வேகத்தில் சோறு உங்கள் புடவையெல்லாம் கொட்டியது.

விஷயம் தெரிந்ததும், யார் இதை அனுப்பியது என்று லீடர் கன்னடத்தில் கத்தினான். நான் ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "நானே. தப்பாய்த்து, க்ஷமிஸி" என்று மன்னிப்புக் கேட்டீர்கள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டிலும் அண்ணனிடம், "நான்தானுங்க அனுப்பச் சொல்லிட்டுப் போனேன்" என்றீர்கள். "நீ வெச்ச சட்டம் உனக்கே மறந்து போச்சா?" என்று அவர் கத்தினார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செய்தி பரவி ஆர்டர் நின்றது. ஆறு மாதம் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. ஒருநாள், "அண்ணங்கிட்ட நானே..." என்று ஆரம்பித்தேன். "மொதல்ல பை வாயத் தொடைக்கக் கத்துக்க. ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் சீல் புடிக்காது" என்றீர்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. உள்ளதைச் சொல்கிறேன், அதற்கப்புறம் நான் முயலவேயில்லை. போன ஆடியில் நீங்கள் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பிறகு அந்தக் கதை உங்கள் பெயரிலேயே என் வாயில் பழகிவிட்டது.

இன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் போய் நின்றேன். "அண்ணா, அன்னைக்கு அண்ணி அனுப்பச் சொல்லல. நான்தான்."

டிபன் பாக்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். "தெரியும். ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப அவளே சொன்னா. 'அவளா வந்து சொல்லுவா, நீங்களாக் கேக்கப்படாது'ன்னா. நானும் எட்டு மாசமாக் கேக்காம இருக்கேன்" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அண்ணி. நான் வந்து சொல்வேன் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு மங்களாவிடம் கதையைத் திருத்திச் சொல்லிவிடுவேன். லீடரின் நம்பர் இருக்கிறது, அவனிடமும் சொல்லிவிடலாம். உங்களிடம் சொல்ல வேண்டியதை மட்டும் நான் யாரிடம் போய்ச் சொல்ல?