யாரும் வரவில்லை என்று சொன்னது நான்

அன்பு மகன் குண்டுவுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். நானும் உன் தங்கை வாலுவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத இன்று கை வரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் அழுது காரியத்தைக் கெடுப்பேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், வாலு இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதானே உன்னிடம் சொல்லியிருந்தோம். அது மலேரியாவாம். இந்த ஊரில் எத்தனையோ வருஷமாக யாருக்கும் வராத வியாதி, டாக்டருக்கே நினைப்பு அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரில் தூக்கித் தூக்கிப் போடும், மறுநாள் எழுந்து தையல் மெஷின் ரிப்பேர் செய்யக் கடைக்குப் போய்விடுவார். நடக்கத் தெம்பிருக்கும் நாளாகப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போவேன், அங்கே போய் உட்கார்ந்தால் காய்ச்சலே இருக்காது. வெளியூர் எங்கயாவது போனீங்களா என்று டாக்டர் கேட்டதற்கு, கடையிலேர்ந்து வீடு, வீட்டிலேர்ந்து கடை, அதான் சார் என் உலகச் சுற்றுப்பயணம் என்று சிரித்தார். வெளிநாட்டிலேர்ந்து வீட்டுக்கு யாராவது வந்தாங்களாம்மா என்று அடுத்து என்னைக் கேட்டார். யாரும் வரலை என்றேன். வாலு வாயைத் திறக்கப் போனாள், அவள் கையைக் கிள்ளினேன்.

நீ வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது முன்னறையில் நாலு நாள் காய்ச்சலோடு கிடந்தாயே, அது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. உன் பேச்சை எடுத்தால் எங்கேயாவது எழுதி வைப்பார்கள், உன் வேலைக்கு உலை வைத்துவிடும், பிள்ளை வியாதியைக் கொண்டுவந்தான் என்று தெரு பேசும், இவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. ஒன்பது நாள் வெறும் காய்ச்சல் மாத்திரையில் ஓட்டினோம். பத்தாம் நாள் கடையில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த பெண் கிருமி இருக்கிறது என்று சொன்ன பிறகு வாலு எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். உன்னைக் கடித்த கொசுவே அப்பாவையும் கடித்திருக்கலாம் என்கிறார்கள். மொதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும்மா என்றார் டாக்டர். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லையாம். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள், மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறாள்.

நீ உன்னை நொந்துகொள்ளாதே. எங்களைப் பார்க்க வந்தாய், கொசு கடித்தது, அதில் உன் தப்பு என்ன இருக்கிறது. வாயை மூடிக்கொண்டது நான். ஆனால் அந்தக் கிருமி உனக்குள்ளும் ஒளிந்திருக்கலாமாம். இன்றே போய் ரத்தம் கொடு, எங்கே போனாய், எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்லு.

நேற்றுச் சாயங்காலம் அப்பா கண் திறந்தார். என்னை நர்ஸ் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒண்ணுமில்ல, முன்ரூம்ல என் பையன் காய்ச்சலோட படுத்திருக்கான், மொதல்ல அவனைப் பாருங்கம்மா என்றார். பாத்துக்கிறேங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நூறு வயசு இருக்க வேண்டும் நீ.

உன் அம்மா