ரப்பரால் எடுத்த பதினொன்றும் ஒன்றும்

என் அன்புக்காரிக்கு,

நீ அண்ணன் வீட்டுக்குப் போன இந்தப் பதினெட்டு நாளில் அடுப்படிக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் மட்டும் இரண்டு முறை பொங்கிவிட்டது.

நீ எழுதிய பியானோ பாட்டை அச்சுக்கு எடுத்துப் போனேன் அல்லவா? இசைக்குறி எழுதும் ஐந்து கோடுகளுக்கு நடுவே கோணல்மாணலாக இருந்ததையெல்லாம் பென்சில் கறை என்று நினைத்து ரப்பரால் துடைத்துவிட்டேன். இருபது வருஷமாக அச்சகத்தில் கறை எடுக்கிற கை, சும்மா இருக்குமா? "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாய். அதற்கும் உன்னை முடிக்கவிடாமல் நான்தான் பேசினேன்.

இப்போது உன் தோழியின் வகுப்பில், ஆறு வயதுக் குழந்தைகளோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து இசைக்குறி படிக்கிறேன். புத்தகத்தில் அதே கோணல் குறி! என்னவென்று கேட்டேன். பக்கத்து நாற்காலி வாயாடி சொன்னாள்: "அங்க வாசிக்கக் கூடாது அங்கிள். கை சும்மா இருக்கணும், மனசுக்குள்ள மட்டும் எண்ணணும்."

உன் பாட்டில் குறுக்குக்கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்ணிக்கை. எண்ணிக்கை குறைகிற கட்டங்களில், ரப்பர் தடத்தைப் பார்த்துப் பதினொரு கோணல் குறிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்திலும் ஒன்று குறைகிறது, ஆனால் அங்கே தடமே இல்லை. அவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறேன். நீ வாசித்துவிட்டு நிறுத்துகிறாயா, நிறுத்திவிட்டு வாசிக்கிறாயா?

நானே ஊகித்துப் போடப் பென்சிலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

நீ வந்து சொல்லும்வரை கை சும்மா இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அச்சுக்காரன்