கார்ல் மன்னனின் சொந்தக்காரர்

10.11.2006, வெள்ளி. கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி.

கண்ணை மூடினால் சிவராசா அண்ணையின் முகம்தான் வருகிறது.

வாற ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுக்கூட்டம். தலைவர் நான். புதிய நிர்வாகப் பட்டியலை எழுதியதும் நான்தான். அதில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்கத்தான் அவர் இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தார்.

"உங்களுக்கு இப்ப வேலை கூட எண்டு கேள்விப்பட்டன் அண்ணை," என்றேன். பொய்.

பக்கத்து மேசையில் இளையவள் வகுப்பில் பேசவேண்டிய பள்ளிக்கூட ரெஃபராட்டுக்காகப் பெரிய மட்டையொன்றில் பழைய பிராங்கிய அரச குடும்பத்தின் வம்சப் படம் கீறிக்கொண்டிருந்தாள். சில பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அது என்ன பிள்ளை என்று அவர் கேட்டார்.

"சேர்ச்சில பதவி வச்சிருந்த ஆக்கள், மாமா. கார்ல் மன்னன்ட தங்கச்சி மடத்துக்குத் தலைவி. இந்த மகன் பிறகு பிஷப். சொந்தக்காரர் உள்ளுக்க இருந்தா சேர்ச்சும் அரசன்ட கைக்குள்ள நிக்கும்."

"ஓம் பிள்ளை, வடிவா விளங்குது."

என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பி, "அப்ப வாறன் தம்பி," என்று போய்விட்டார். எனக்குப் பிள்ளையில்தான் கோபம் வந்தது. அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவளுடைய சிவப்புப் பேனையை எடுத்து, பட்டியலில் எங்கள் ஆட்களை வட்டமிட்டுப் பார்த்தேன். நான். தம்பி. மச்சான். சகலன். மனைவியின் சித்தப்பா. ஆறு பெயரில் ஒன்றாவது மிஞ்சியதே என்று மூச்சு வந்தது.

அது மூத்தவளுக்குப் பேசி வைத்திருக்கும் பெடியனின் தகப்பன்.